நாலு மணிக்கு அழும் வார்டு

தரைத்தளத்து நீண்டகால வார்டில் படுத்திருந்த இருபத்திரண்டு பேரும் தினமும் மாலை நாலு மணிக்கு அழுதார்கள். ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆனதில்லை. இதற்கென்று தனிப் பதிவேடு இருந்தது. அதன் மேலட்டையில் ‘பாச எதிர்வினை’ என்று எழுதி, ஓரத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தார்கள். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஐந்து வரை. சொந்தங்களைக் கண்டதும் நோயாளிகள் நெகிழ்ந்து அழுகிறார்கள் என்று நிர்வாகம் கண்டுபிடித்திருந்தது. அன்றைக்கு யாரும் பார்க்க வராத நாலைந்து பேரும் அதே நேரத்தில் அழுதார்கள். அடுத்தவர் சொந்தத்தைக் கண்டும் நெகிழும் பரந்த மனம் அவர்களுக்கு என்று அடிக்குறிப்பு சொன்னது.

வார்டைத் துடைப்பது மூன்று ஐம்பதுக்கு.

முன்பெல்லாம் காலையில் சோப்புத் தண்ணீரால் துடைத்தார்கள். தரை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கருத்துக் கணிப்பில் ‘மருத்துவமனை சுத்தமாக இருக்கிறதா?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் ‘கவனிக்கவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். நிர்வாகம் இடிந்துபோனது. இவ்வளவு செய்தும் ஒருவர் கவனத்திலும் படவில்லை என்றால் சுத்தம் செய்து என்ன பயன்? அன்றிலிருந்து பிளீச்சிங் தண்ணீர் வந்தது. பார்வையாளர்கள் உள்ளே நுழையும்போது நெடி புதிதாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வார்டாக நேரமும் மூன்று ஐம்பதுக்கு மாறியது. தரைத்தளத்து வார்டின் முறை கடைசியில் வந்தது.

இங்கே அது மாறிய முதல் நாள், பதினான்காம் கட்டிலுக்கு வந்தவர் இருமினார்.

அவர் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அவரை முகம் பார்த்துத் தெரியாது, சைக்கிள் மணியைக் கேட்டால் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் அவர் மனைவி அடுப்படியில் சரிந்து விழுந்தாள். வலது பக்கம் செயலிழந்தது. பேச்சும் போனது. தலையை இடப்பக்கம் மட்டும் திருப்ப முடிந்தது. இடப்பக்கம் வார்டின் வாசல். தினமும் நாலு மணிக்கு அவர் அந்த வாசல் வழியாக வருவார். அவள் பார்ப்பாள். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருப்பார். முப்பத்தோரு வருஷமாக அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் சண்டையோ என்று நினைத்துச் சீக்கிரம் கிளம்பியதுண்டு.

அன்றைக்கு வாசலில் புதிதாக ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் கையை முழங்கை வரை முக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முக்கினார். விரலிடுக்கு எரிந்தது. இரண்டு அடி வைத்ததும் நெடி மூக்கில் ஏறித் தொண்டையைப் பிடித்தது. இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார். அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது.

வார்டு சிஸ்டர் விரைந்து வந்தார்.

“என்ன ஐயா, இருமுறீங்க?”

“நெடி, சிஸ்டர். தொண்டையைப் பிடிக்குது.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. இருமினா மஞ்சள்.”

மீட்டர்காரர் சட்டைப் பையின் மேல் வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். ஒட்டும்போதே சிஸ்டர் முகத்தைத் திருப்பித் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன.

“உங்களுக்குந்தான் கண்ணு கலங்கியிருக்கு.”

“நான் ஸ்டாஃப்” என்றார் சிஸ்டர். அதற்கு மேல் விளக்கம் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை. பணியாளர் இருமினால் அது பதிவேட்டில் ‘தொண்டையைச் சரிசெய்தல்’ என்று வரும் என்பது மீட்டர்காரருக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஸ்டிக்கரோடு ஒரு துண்டுச் சீட்டும் தந்தார்கள். மஞ்சள் பெற்றவர் தொற்றுச் சந்தேகம் உள்ளவர். தெளிவு அறையில் அரை மணி நேரம் இருமாமல் உட்கார்ந்து காட்டினால் அவர் மறுபடி வார்டுக்கு வரலாம். கடைசி வரி சின்ன எழுத்தில் இருந்தது. தொடர்ந்து முப்பது நாள் ஒரு பார்வையாளரும் வந்து கட்டிலருகே அமராத நோயாளி துணையற்றவராகக் கருதப்பட்டு மலைப்பக்கத்து இல்லத்துக்கு மாற்றப்படுவார். அது ஒன்பது மணி நேரப் பயணம்.

வேறு வருவதற்கு ஆளில்லை. பிள்ளைகள் இல்லை. அவளுடைய ஒரே தங்கை கடல் தாண்டி இருந்தாள். மீட்டர்காரர் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார். பதினான்காம் கட்டிலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்கத்துக் கட்டில்காரிக்கும் வழிந்தது. அதற்கடுத்தவளுக்கும்.

*

தெளிவு அறை சின்ன அறை. ஒரு நாற்காலி. ஜன்னல் இல்லை. தொற்றுச் சந்தேகம் உள்ளவர்கள் உட்காரும் இடம் என்பதால் ஒவ்வொருவர் வந்து போன பிறகும் தரையிலிருந்து ஆள் உயரம் வரை பிளீச்சிங் தண்ணீரால் கழுவினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு இருந்தார்.

முதல் நாள் மீட்டர்காரர் நாற்பது வினாடி தாங்கினார். இரண்டாம் நாள் ஒன்றேகால் நிமிடம். மூன்றாம் நாள் வாயைத் திறக்காமலே இருமினார். கண்ணாடிக்கு அப்பாலிருந்து குமாஸ்தா விரலை ஆட்டினார்.

“தோள் குலுங்குச்சே, பெரியவரே. அதுவும் கணக்குத்தான்.”

“சார், இந்த அறையில யாரு உக்காந்தாலும் இருமத்தான் செய்வாங்க.”

“ஆமா” என்றார் குமாஸ்தா பெருமையாக. “இதுவரைக்கும் இருநூத்திப் பதினோரு பேரு வந்திருக்காங்க. ஒருத்தர்கூடத் தேறல. அவ்வளவு பேரும் நோயோட ஊருக்குள்ள சுத்தியிருக்காங்க, பாத்தீங்களா? இந்த அறை மட்டும் இல்லன்னா யாரு கண்டுபிடிச்சிருப்பா?”

மீட்டர்காரர் வெளியே மரத்தடியில் வந்து நின்றார். பத்து நிமிடத்தில் இருமல் நின்றது. வீட்டில் இல்லை. தெருவில் இல்லை. மண்ணுக்குள் புதைந்த மீட்டர்க் குழிகளில் தலையை விட்டு முகத்தில் பூஞ்சை அப்பும்போதுகூட இல்லை. கைகளில் மட்டும் தோல் சிவந்து வெடித்து உரிந்தது.

காலையில் எழுந்து அவர் இரண்டு டம்ளர் எடுப்பார். ஒன்றைத் திரும்ப வைப்பார். பேசாத மனைவி இருக்கும் வீட்டின் அமைதி வேறு, அவள் இல்லாத வீட்டின் அமைதி வேறு. முன்னது இருவர் சேர்ந்து செய்தது. பின்னதை அவர் ஒருவரே தூக்கிச் சுமக்க வேண்டியிருந்தது.

*

நெஞ்சு நோய் பார்க்கும் வெளி டாக்டரம்மா ஒருவரிடம் போனார். டாக்டரம்மா முதுகில் கேட்டார், ஊதச் சொன்னார், கையைத் திருப்பிப் பார்த்தார்.

“தொற்றெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பிளீச்சிங் தண்ணியோட நெடி மூச்சுக்குழாயை அரிச்சு எரிச்சல் பண்ணுது. கையில இருக்கறதும் அதேதான். அலர்ஜின்னு பொதுவாச் சொல்லுவாங்க, ஆனா இது அதில்ல. அளவுக்கு மீறிக் கலந்தா யாரு தொண்டையும் இப்படித்தான் ஆகும். எவ்வளவு கலக்குறாங்க?”

“தெரியல, டாக்டர். உள்ளே போனதும் கண்ணு அவிஞ்சுபோன மாதிரி இருக்கு.”

“அங்க படுத்திருக்கறவங்க?”

அதுவரை அவர் தன் இருமலைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தார். டாக்டரம்மா நீல மையில் ஒரு பக்கம் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார்.

மருத்துவமனைக்குள் வரும் காகிதமும் கிருமி நீக்கப்பட வேண்டும். குமாஸ்தா கடிதத்தை ஒரு தட்டில் வைத்துப் பிளீச்சிங் தண்ணீரைத் தெளித்து, உலர்த்தி, பிறகு கையில் எடுத்தார். எடுத்தபோது அது வெள்ளைக் காகிதமாக இருந்தது.

“என்ன, வெறும் தாளைக் குடுத்திருக்கீங்க?”

“எழுதியிருந்துச்சு, சார். நீங்கதான் இப்ப...”

“நான் சுத்தம்தான் பண்ணினேன்” என்றார் குமாஸ்தா. கோப்பில் ‘வெற்றுத்தாள் ஒன்று பெறப்பட்டது’ என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் டாக்டரம்மா கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார். அச்செழுத்து அசையவில்லை. கையெழுத்தும் முத்திரையும் போய்விட்டன. யார் எழுதியது என்று தெரியாத கடிதத்தை ஏற்க முடியாது என்றார் குமாஸ்தா.

மீட்டர்காரர் இரண்டு நாள் யோசித்தார். குழிக்குள் ஈரத்தில் மை நிற்காது என்பதால் அவர் தொழிலில் எல்லாம் பென்சில்தான். மூன்றாவது கடிதத்தை டாக்டரம்மா பென்சிலால் எழுதிப் பென்சிலாலேயே கையெழுத்திட்டார். குமாஸ்தா தெளித்தார். உலர்த்தினார். ஓர் எழுத்தும் அழியவில்லை. அவர் அதை முழுதாக, மரியாதையோடு வாசித்தார்.

“நல்லா எழுதியிருக்காங்க. ஆனா இது பென்சிலு. யாராவது அழிச்சிடலாமே? அழியக்கூடிய ஆவணத்தை வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு, பெரியவரே.”

கோப்பில் முந்தைய வெள்ளைத் தாளும் கையெழுத்துப் போன கடிதமும் பத்திரமாக இருந்தன. அன்றைக்குப் பதினேழாவது நாள்.

*

கட்டடம் எதுவானாலும் தண்ணீர் மீட்டர் பின்பக்கத்தில்தான் இருக்கும். காக்கிச் சட்டையும் டார்ச்சும் நோட்டும் வைத்திருப்பவரை உலகத்தில் எந்தக் காவலாளியும் தடுப்பதில்லை. முப்பது வருஷமாக இது அவருக்குத் தெரியும் என்றாலும் பதினெட்டாவது நாள்தான் உறைத்தது.

மருத்துவமனையின் மீட்டர் பின்முற்றத்துச் சுவரோரம் இருந்தது. அதற்கு நேர் மேலே பதினான்காம் கட்டிலின் ஜன்னல். கெட்டியாக அடைத்த கண்ணாடி. உள்ளே அவள் படுத்திருந்தாள். ஜன்னல் அவளுக்கு வலப்பக்கம். அவளால் திரும்ப முடியாத பக்கம்.

நாலு மணிக்கு அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைத் தட்டினால் சிஸ்டர் வந்துவிடுவார். தட்டவில்லை. ஐந்து மணிக்கு அவள் தலை மெல்லக் கூரையைப் பார்த்துத் திரும்பியது. அவர் கிளம்பினார். மறுநாளும் வந்தார்.

“என்னண்ணே, தினமும் ரீடிங்கா?” என்று காவலாளி கேட்டார்.

“புது உத்தரவு.”

“ஓ, உத்தரவா!” காவலாளி நிமிர்ந்து நின்று கதவைத் திறந்துவிட்டார்.

மீட்டருக்குப் பக்கத்துக் குழாயில்தான் வார்டைத் துடைக்கும் மாப்புக்காரம்மா வாளி நிரப்ப வருவாள். வாளியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நாலைந்து முறை ஆழமாக மூச்சு விடுவாள். நாலாவது நாள் அவளே பேச்சுக் கொடுத்தாள்.

“மீட்டரைப் பாக்க வந்தவரு மீட்டரைத் தவிர எல்லாத்தையும் பாக்குறீங்க.”

“அது என் வீட்டம்மா. பதினாலு.”

“தெரியும். மஞ்சள் ஸ்டிக்கர்க்காரருதானே நீங்க? சட்டையில இன்னும் பசை இருக்கு.”

அவள் கைகளைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெடித்து, தோல் தாள் தாளாகக் கிளம்பியிருந்தது.

“கையுறை தர மாட்டாங்களா?”

“தந்தாங்களே. வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க, பாக்கலையா? போட்டா அழுக்காயிடுமாம்.”

“எவ்வளவும்மா கலக்குறீங்க?”

“கேன்ல எழுதியிருக்கறது ஒரு வாளிக்கு ரெண்டு மூடி. ஆரம்பத்துல அப்படித்தான் ஊத்தினேன். மூக்கு ஐயா வந்து வாசல்ல நின்னாரு. நெடி வரலைன்னாரு.”

மூக்கு ஐயா என்பது வாசனை மேற்பார்வையாளர். ஒவ்வொரு வார்டின் வாசலிலும் நின்று கண்ணை மூடி, மூச்சை உள்ளிழுத்து, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவது அவர் வேலை.

“நாலு மூடி ஊத்தினேன். வரலைன்னாரு. பத்து மூடி. வரலை. இப்பக் கால் கேன் ஊத்துறேன். அப்பவும் ‘பரவால்ல’ங்கறாரு. ஒருநா சாப்பாட்டுக் கூடத்துல பால் அடிபிடிச்சுப் புகை மண்டிப்போச்சு. இவரு அதுக்குள்ள உக்காந்து, ‘என்னம்மா, எல்லாரும் ஓடுறீங்க?’ன்னு கேக்கறாரு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அந்த மூக்கு செத்து வருஷமாச்சு, அண்ணே.”

“யாருகிட்டயும் சொல்லலையா?”

“சொன்னா அவரை எடுத்துட்டு நல்ல மூக்கா ஒண்ணு போடுவாங்க. அது இன்னும் ஆபத்து இல்லையா? ஒருநா குறைச்சு ஊத்தினாக்கூடக் கண்டுபிடிச்சிடுமே” என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. குனிந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

*

கடிதங்கள் ஏற்கப்படாமல் போன பின் அவர் கொடுத்திருந்த மனுவை இருபத்து நாலாவது நாள் தூய்மைக் குழு விசாரித்தது. குழுவில் மூன்று பேர். தூய்மை அதிகாரி, மூக்கு ஐயா, குறிப்பெடுக்கும் குமாஸ்தா. மேஜையைச் சற்று முன்புதான் துடைத்திருந்தார்கள். மூவர் கண்ணிலும் தண்ணீர் கோத்திருந்தது. அதிகாரி கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே பேசினார்.

“ஐயா, உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்ல. இங்க வேலை பாக்கற ஒருத்தரும் கண்ணு கலங்காம வேலை பாக்கறதில்ல. நானே ஒரு நாளைக்கு ஆறு கைக்குட்டை மாத்தறேன். கடமை உணர்ச்சின்னா அப்படி! இப்ப நீங்க சொல்லுங்க, உங்களுக்கு வர்றது அலர்ஜியா, எரிச்சலா?”

“டாக்டர் எரிச்சல்னுதான் சொன்னாங்க, சார். அளவு அதிகமானா எல்லாருக்கும் வருமாம்.”

“அப்படிச் சொல்லாதீங்க. அலர்ஜின்னா கோளாறு உங்க உடம்புல. எரிச்சல்னா கோளாறு எங்க வாளியில. எங்க வாளியில கோளாறு இருக்க வழியில்ல, ஏன்னா அதை நாங்கதான் வாங்கினோம். குமாஸ்தா, அலர்ஜின்னு எழுதிக்கங்க.”

“சரி சார், அலர்ஜின்னே வச்சுக்குவோம். அது தொத்தாதே. என்னை உள்ளே விடலாமே?”

அதிகாரி இரக்கத்தோடு சிரித்தார்.

“கிருமி கண்ணுக்குத் தெரியாது. சுத்தமும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ரெண்டும் சண்டை போட்டா யாரு ஜெயிச்சாங்கன்னு ஜனங்களுக்கு எப்படிப் புரியும்? மூக்கு வழியாத்தான் புரியணும். நீங்க அங்க உக்காந்து இருமினீங்கன்னா என்ன ஆகும்? நெடி கெட்டதுன்னு நாலு பேரு நினைப்பாங்க. நான் வெளிப்படையாச் சொல்றேன், போன வருஷம் இந்த ஆஸ்பத்திரியில சாவு கொஞ்சம் கூடியிருக்கு. ஆனா எல்லாமே சுத்தமான சாவு. அந்தப் பேரை ஒரு இருமலுக்காக நாங்க விட முடியுமா?”

மூக்கு ஐயா பலமாகத் தலையாட்டினார். அதோடு தொண்டையையும் நீண்ட நேரம் சரிசெய்துகொண்டார்.

“என் சம்சாரம் தினமும் வாசலையே பாத்துக்கிட்டிருக்கா, சார். இன்னும் ஆறு நாள்ல மலைக்கு அனுப்பிடுவீங்க.”

“தவறாம அழறாங்களா?”

“அழறா.”

“அப்ப நல்லாத்தான் இருக்காங்க” என்றார் அதிகாரி. மனு முடிந்தது.

*

இருபத்தொன்பதாவது நாள், குழாயடியில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மாப்புக்காரம்மா குழாயை மூடாமல் நின்றாள்.

“நாளைக்கு நீங்க தெளிவு அறைக்கு வாங்க, அண்ணே.”

“வந்து என்ன செய்ய? ஒண்ணேகால் நிமிஷந்தான் என்னால முடியும்.”

“நாளைக்கு வெறுந்தண்ணி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அறைக்கும் வெறுந்தண்ணி, வார்டுக்கும் வெறுந்தண்ணி, வாசல் தொட்டிக்கும் வெறுந்தண்ணி. காலிக் கேனைத்தான் எண்ணி வாங்குவாங்க. சாக்கடையில கவுத்துட்டுக் காலிக் கேனைக் குடுத்துடுவேன். மூக்கு ஐயாவுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?”

“அப்ப தினமும் இப்படியே...”

“நல்லாயிருக்கே! உள்ளே வர்றவங்க மூக்கெல்லாம் செத்துப்போச்சா? ‘நெடியே இல்ல, சுத்தம் பண்றாங்களா?’ன்னு ஒருத்தர் எழுதிப் பெட்டியில போட்டாப் போதும், நான் வீட்டுக்குப் போயிடுவேன். மாசத்துல ஒருநாள்னா சமாளிக்கலாம்.”

நன்றி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. குழாயை மூடினாள்.

முப்பதாவது நாள் மூன்று மணிக்குத் தெளிவு அறையில் உட்கார்ந்தார். தரை ஈரமாக மின்னியது. ஈரத்தைப் பார்த்ததுமே தொண்டை பழக்கதோஷத்தில் நமநமத்தது. மூக்கு ஐயா வந்து வாசலில் நின்று, கண்ணை மூடி, நீளமாக மூச்சை இழுத்தார்.

“ஆகா! இன்னைக்குத்தான் சரியான பதம்” என்றார். பத்துக்குப் பத்து.

மீட்டர்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரில் ஒரு விரிசலையே பார்த்தார். ஐந்து நிமிடம். பதினைந்து. குமாஸ்தா எழுந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். முப்பது முடிந்ததும் அவர் மேஜை இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினார்.

“தேறிட்டீங்களா? இப்ப நான் என்ன செய்யணும்? தேறினவங்களுக்கு ஃபாரமே இல்லையே!”

ஃபாரத்தைத் தேடிய சத்தம் அதிகாரிக்கு எட்டியது. அவர் ஓடி வந்தார். மூன்று ஐம்பதுக்கு மீட்டர்காரரை வரவேற்பறையில், கையுறைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பணியாளர்களையெல்லாம் வரவழைத்தார்கள். யாரோ ஒலிபெருக்கி கொண்டுவந்தார்கள்.

“சார், நாலு மணிக்கு வார்டுக்குப் போகணும்.”

“போகலாம், போகலாம். ரெண்டே வார்த்தை.”

அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே! முப்பது நாளைக்கு முன்னாடி இந்த மனிதர் இருமிக்கிட்டு வந்தார். இன்னைக்கு இருமல் எங்கே? மருந்து குடுத்தோமா? இல்ல. ஊசி போட்டோமா? இல்ல. டாக்டர் யாராவது பாத்தாங்களா? நம்ம டாக்டருங்க யாரையுமே பாக்கறதில்ல, அது வேற விஷயம். இவரைக் குணப்படுத்தினது நம்ம பிளீச்சிங் தண்ணி! தரைக்காக வாங்கினோம், அது மனுஷனையே கழுவிடுச்சு! இதுநாள் வரைக்கும் நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். கொஞ்சமா ஊத்திட்டேன். கால் கேன்ல ஒருத்தர் குணமாவாருன்னா அரைக் கேன்ல எத்தனை பேரு குணமாவாங்க? நாளையிலிருந்து எல்லா வார்டுலயும் இரண்டு மடங்கு!”

கைதட்டினார்கள். மீட்டர்காரர் கூட்டத்தில் மாப்புக்காரம்மாவைத் தேடினார். அவள் தூணோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் வேலை போகும், இந்தத் தேர்ச்சியும் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு அரைக் கேன். வாயைத் திறந்தார். அதிகாரி மைக்கை அவர் வாயருகே நீட்டினார்.

“எனக்கு நேரமாச்சு, சார்” என்றார் மீட்டர்காரர்.

“பாத்தீங்களா, நேரத்தோட அருமை தெரிஞ்சவர்!” மறுபடி கைதட்டல். பிறகு மூக்கு ஐயா பேசினார். பிறகு குமாஸ்தா தன் அனுபவத்தைச் சொன்னார். மணி நாலு ஐம்பத்திரண்டு.

*

வார்டில் அன்றைக்கு ஒருவரும் அழவில்லை. சிஸ்டர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினான்கில் அவள் விழித்திருந்தாள். ஐம்பத்திரண்டு நிமிடம் வாசலைப் பார்த்திருக்கிறாள். கண் உலர்ந்து, தெளிவாக இருந்தது. இமையோரத்தில் தோல் மட்டும் புண்ணாகி உரிந்திருந்தது. அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து, அவள் முகம் கொஞ்சம் மறந்துபோயிருந்தது. அவள் இடது கையை எடுத்து அவருடைய உரிந்த விரல்கள் மேல் வைத்தாள். தடவிப் பார்த்தாள். என்ன என்று புருவத்தால் கேட்டாள்.

அவர் கண் நிறைந்துவிட்டது.

“ஐயா” என்றார் சிஸ்டர் பின்னாலிருந்து, சங்கடமாக. “கண்ணுல தண்ணி வருதே.”

“இது அழுகை, சிஸ்டர்.”

“அழுகையெல்லாம் நோயாளிங்களுக்குத்தான், ஐயா. பார்வையாளருக்கு வந்தா அது அறிகுறி.”

மஞ்சள் ஸ்டிக்கர் வந்தது. இந்த முறை சிஸ்டர் அதை மெதுவாக ஒட்டினார். இன்றைய வருகை பதிவாகிவிட்டது என்றும், மலைப்பக்கம் அனுப்புவது இன்னும் முப்பது நாளைக்கு இல்லை என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு ஒரு முறை ஆழமாக மூச்சை இழுத்து, ஆச்சரியத்தோடு நின்றார். தொண்டையைச் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை.

“இன்னைக்கு என்ன, காத்து நல்லாருக்கே?”

மாப்புக்காரம்மா வாசலில் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“சிஸ்டர், ஒரு உதவி. இந்தக் கட்டிலைத் தலைகீழாத் திருப்ப முடியுமா? இவளுக்கு இடப்பக்கம் ஜன்னல் வர்ற மாதிரி. நான் தினமும் அங்கதான் நிக்கிறேன்.”

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்கவில்லை.

“கட்டிலைத் திருப்பக் கூடாது, விதி இருக்கு” என்றார். பதிவேட்டை மூடி வைத்தார். “ஆளைத் திருப்பறதைப் பத்தி ஒண்ணும் எழுதல.”

சிஸ்டரும் மாப்புக்காரம்மாவும் இரண்டு பக்கமும் பிடித்து அவளைத் தூக்கித் திருப்பினார்கள். மஞ்சள் ஒட்டியவர் நோயாளியைத் தொடக்கூடாது என்பதால் அவர் தலையணையை வைத்துக்கொண்டு நின்றார். அதை அவர்கள் வாங்கிக் கால்மாட்டில் வைத்தபோது ஐந்து மணி அடித்தது.

மறுநாள் மூன்று ஐம்பதுக்கு வார்டுக்குள் அரைக் கேன் போனது. அடைத்த கண்ணாடியின் விளிம்பு வழியாகக்கூட முற்றத்தில் நெடி கசிந்தது. நாலு மணிக்கு வார்டு அழுதது. சிஸ்டர் நிம்மதியாகப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார்.

அவள் ஜன்னலைப் பார்த்திருந்தாள். இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடியும் ஒரு கை நீளமும்தான். அவள் கண் முன்னைவிட அதிகமாக வழிந்தது. அதில் எவ்வளவு வாளியிலிருந்து வந்தது, எவ்வளவு வேறு எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வாளியிலிருந்து வந்ததில் பாதி தன் தேர்ச்சியால் வந்தது என்று மட்டும் தெரிந்தது. போய்விடலாமா என்று நினைத்தார். தான் நிற்பதால்தான் அவள் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாளோ? மூடிக்கொண்டால் எரியாதே. மூடிக்கொள் என்று கையால் காட்டினார்.

அவள் மூடவில்லை. இடது கையை மெல்லத் தூக்கி, புறங்கையால் இரண்டு கண்ணையும் துடைத்துவிட்டு, அவரைப் பார்த்தாள். மறுபடி நிறைந்தது. மறுபடி துடைத்துவிட்டுப் பார்த்தாள். கை சோர்ந்து போர்வை மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு திரும்பவும் எழுந்தது.